கடலை படாத சாக்லேட்

பிள்ளைப்பாக்கத்தில் தங்கமாரி என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. கடலைக்காரி என்றால் உடனே வழி காட்டுவார்கள். அவள் கடலை விற்கிறவள் என்று நினைத்துவிடக் கூடாது. கடலையைக் கண்டால் பத்தடி தள்ளிப் போகிறவள், அடுத்தவர்களையும் தள்ளிப் போகச் சொல்லி உயிரை எடுக்கிறவள். பட்டப்பெயர் வைப்பதில் ஊருக்கு என்றைக்கும் ஈவிரக்கம் இருந்ததில்லை.

இத்தனைக்கும் அவள் பிறந்தது கோவில்பட்டிப் பக்கம். அவள் அப்பா கடலைமிட்டாய்க் கம்பெனியில் இருபது வருஷம் பாகு காய்ச்சியவர். கல்யாணமாகி, கணவன் சுடலைக்கண்ணுவோடு தொண்ணூற்றொன்பதில் இங்கே பிழைக்க வந்தபோது, மகள் கவியாவுக்கு இரண்டு வயது. அந்த வருஷம் தீபாவளிக்கு ஊருக்குப் போய்த் திரும்பியவள், அப்பா கொடுத்தனுப்பிய மிட்டாயில் நகக்கண் அளவு கிள்ளிப் பிள்ளையின் வாயில் வைத்தாள். பத்து நிமிஷத்தில் உதடு வீங்கியது, கண் மூடிக்கொண்டது, தொண்டையில் விசில் சத்தம் கேட்டது. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு நர்ஸிங் ஹோமில் ஊசி போட்டுப் பிழைக்க வைத்த டாக்டர், நிலக்கடலை இந்தப் பிள்ளைக்கு விஷம், தூள் பட்டாலும் விஷம், அடுத்த தடவை இவ்வளவு நேரம் கிடைக்காது என்று சொல்லி அனுப்பினார்.

இதை யாரிடம் சொல்லி நம்பவைப்பது? பிள்ளைப்பாக்கமே கடலை போட்டு வளர்ந்த ஊர். பாதி நிலம் கம்பெனிகளுக்குப் போன பிறகும் மீதியில் கடலைதான். போதாததற்கு, தெற்கிலிருந்து வேலைக்கு வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கும் பையன்கள் ஒவ்வொரு லீவுக்கும் ஊர் போய்வந்து, அக்கம்பக்கத்துக்கெல்லாம் ஆளுக்கொரு கடலைமிட்டாய் பாக்கெட் நீட்டுவார்கள். வாங்க மாட்டேன் என்றால் முகம் சுருங்கிப் போவார்கள். கடலை தின்று யாராவது செத்திருக்கிறார்களா என்று தங்கமாரியின் முகத்துக்கு நேராகவே சிரித்தார்கள். சுடலைக்கண்ணு மட்டும் சிரிக்கவில்லை. தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் கூட்டாளிகளோடு கடலை கொறித்துவிட்டு வந்தால், கிணற்றடியில் குளித்துப் பல் துலக்கிய பிறகே மகளைத் தொடுவான். அந்த மட்டில் அவன் நல்ல மனுஷன்.

கவியாவுக்கு எட்டு வயது நடக்கும்போதுதான் அந்தச் சாக்லேட் வந்து சேர்ந்தது. அவள் வகுப்பில் கார் கம்பெனி ஆபீசர் ஒருவரின் மகள் பிறந்தநாளுக்கு எல்லோருக்கும் பிஸ்கட் கொடுத்தாள். அவள் அம்மா வீட்டிலேயே சுட்டதாம். மேலெல்லாம் மிளகு அளவில் சாக்லேட் சில்லுகள் பதிந்திருந்தன. கவியா தன் பங்கை வாங்கி நோட்டுத்தாளில் சுற்றி டீச்சர் மேஜையில் வைத்துவிட்டு வந்தாள். அப்படித்தான் அவள் பழகியிருந்தாள். அன்று சாயங்காலம் சீருடையைக்கூட மாற்றாமல் அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, நீ செஞ்சா நான் திங்கலாம்ல?"

அதற்குமுன் அந்தப் பிள்ளை எதையும் கேட்டதில்லை. பொம்மை கேட்டதில்லை, புதுச்சட்டை கேட்டதில்லை. தங்கமாரி யோசிக்கவே இல்லை. திங்கலாம், உன் பிறந்தநாளுக்குச் செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டாள். பிறந்தநாளுக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது. ஏழு மாதத்தில் ஒரு கைப்பிடி சாக்லேட் கிடைக்காதா என்று அவள் நினைத்ததில் தப்பில்லை.

ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பேக்கரி வைத்திருந்த கன்னியப்பனிடம்தான் முதலில் போனாள். அவரிடம் செங்கல் மாதிரி சாக்லேட் கட்டி இருந்தது. வெட்டித் தருகிறேன் என்று கத்தியை எடுத்தார். இதில் கடலை உண்டா என்று கேட்டாள். கன்னியப்பன் உறையைத் திருப்பிக் காட்டினார்.

"பச்சப் புள்ளி கீது பாரு. சுத்த சைவம். கொயந்தைங்களுக்கு இன்னா பண்ணப்போவுது?"

பச்சைப் புள்ளி கவுச்சி இல்லை என்று சொல்லும். கடலையைப் பற்றி அதற்கென்ன தெரியும்? அவர் வெட்டப்போன பலகையில் காலையில் அறுத்த கடலை பர்பியின் துகள் அப்படியே கிடந்தது. தங்கமாரி திரும்பிவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாரிமுனைக்குப் போனாள். அங்கே சில்லுகளாகவே கிடைத்தன, ஆனால் மூட்டையிலிருந்து அள்ளிப் பாலிதீன் பையில் கட்டியவை. எங்கே செய்தது என்று கேட்டதற்குக் கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் பேசப் போய்விட்டார்.

பெயர் பெற்ற கம்பெனி ஒன்றின் சாக்லேட் உறையில் விலாசம் பார்த்து, வெறும் சாக்லேட்டில் கடலை சேருமா என்று கடிதம் போட்டாள். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. தங்கள் தயாரிப்புகள் மிகுந்த சுகாதாரத்தோடு செய்யப்படுகின்றன, தங்கள் அன்புக்கு நன்றி என்று எழுதி, கூடவே ஒரு பரிசுப் பெட்டியும் அனுப்பியிருந்தார்கள். ஆறு சாக்லேட். அதில் மூன்று கடலை போட்டது. தங்கமாரி அதைப் பாம்பைத் தள்ளுவது மாதிரி விளக்குமாற்றால் வாசலுக்குத் தள்ளினாள்.

கடிதத்தின் அடியில் இருந்த நம்பருக்கு, தான் வேலை பார்க்கும் கம்பெனியின் கேட்டுக்கு வெளியே காசு போட்டுப் பேசும் போனிலிருந்து சாப்பாட்டு இடைவேளையில் கூப்பிட்டாள். நாலாவது நாள் ஒரு நல்ல மனுஷர் எடுத்தார். முன்பு ஃபேக்டரியிலேயே வேலை பார்த்தவராம். ஒளிக்காமல் சொன்னார். வெறும் சாக்லேட்டும் கடலை சாக்லேட்டும் ஒரே லைனில்தான் ஓடும்.

"மாத்தும்போது மெஷினக் கழுவுவீங்களா சார்?"

"சாக்லேட் மெஷின்ல தண்ணி படக்கூடாதும்மா. வெறும் சாக்லேட்ட ஓடவிட்டு, முதல்ல வர்றத எடுத்துருவோம். அவ்வளவுதான்."

வேறு யாராக இருந்தாலும் அதுதான் எடுத்துவிடுகிறார்களே என்று மனசு ஆறியிருப்பார்கள். தங்கமாரிக்கு ஆறவில்லை. காரணம் அவள் பார்த்த வேலை. கார்களுக்குள் ஓடும் ஒயர்க் கட்டுகளைச் செய்யும் கம்பெனியில் அவள் இன்ஸ்பெக்‌ஷன் பார்ப்பவள். ஒரு மாடல் முடிந்து அடுத்த மாடல் ஏறுமுன் லைனைத் துடைத்து எடுத்துக் காலி செய்ய வேண்டும். லைன் கிளியரன்ஸ் என்பார்கள். முந்தின மாடலின் ஒரு கிளிப் மேஜைக்கடியில் கிடந்தாலும் அவள் கையெழுத்துப் போட மாட்டாள். எத்தனை சுத்தமாகப் பெருக்கினாலும் எங்கேயாவது ஒன்று ஒளிந்திருக்கும் என்பது அவளுக்கு ஐந்து வருஷப் பாடம். அவள் குனிந்து தேடுவதைப் பார்த்தாலே லைன் பெண்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். கடலை ஏறாத லைனில் செய்த சாக்லேட்தான் வேண்டும் என்று அன்றைக்கு அவள் முடிவு கட்டிவிட்டாள்.

சுடலைக்கண்ணுவுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. வீட்டில் சீனிப்பாகு இருக்கிறது, தேங்காய் இருக்கிறது, பிள்ளைக்கு ஆகிற பண்டம் ஆயிரம் இருக்கும்போது ஆகாததின் வாசலில் போய் ஏன் நிற்க வேண்டும் என்று கேட்டான்.

"அது இல்லாம நாம வளரலையாட்டி?"

"அவ கேட்டுட்டா. ஒண்ணே ஒண்ணு கேட்டுருக்கா," என்றாள் தங்கமாரி.

வழி பிறந்தது அவள் கம்பெனி சூப்பர்வைசர் நம்பிராஜன் மூலமாக. சிரிக்கத் தெரியாத மனுஷர். அவரை இரண்டு வார டிரெயினிங்குக்கு அமெரிக்காவில் டெட்ராய்ட்டுக்கு அனுப்பினார்கள். தங்கமாரி ஒரு தாளில், உறையில் என்னென்ன வார்த்தை இருக்க வேண்டும், என்னென்ன இருக்கக் கூடாது என்று ஆங்கிலத்தில் எழுதி, அடியில் கோடு போட்டுக் கொடுத்தாள். ஏழு பேரைக் கேட்டு எழுதியது. அவர் அதைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

திரும்பி வந்த அன்று லைனுக்கே வந்து ஒரு பொட்டலத்தை அவள் மேஜையில் வைத்தார். கருநீல நிறப் பை. பின்பக்கம் கட்டம் கட்டி எழுதியிருந்தது: கடலை, கொட்டை வகை எதுவும் உள்ளே நுழையாத ஃபேக்டரியில் செய்தது. பனியில் மூன்று கடை ஏறி இறங்கினாராம். இதை அவர் சொல்லவில்லை, கூடப் போயிருந்த இன்னொருவர் சொன்னார். தங்கமாரி அந்த எழுத்தை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். அன்றைய ஷிஃப்ட் முழுக்க அவள் முகத்தில் ஒரு களை இருந்தது. லைன் பெண்கள் அவளைக் கிண்டல் செய்துகொண்டே இருந்தார்கள்.

அடுத்தது பிஸ்கட் சுட ஒரு ஓவன். தங்கமாரியின் வீட்டில் இருந்தது ஒரு கேஸ் அடுப்புதான். வீட்டுக்காரம்மா செங்கமலத்திடம் வட்ட ஓவன் ஒன்று இருந்தது. மூடியில் கண்ணாடி பதித்த அலுமினியப் பானை மாதிரி இருக்கும், அடியில் கரண்டில் சூடாகும் கம்பிச்சுருள் ஓடும். நிலத்தில் பாதி கம்பெனிக்குப் போன வருஷம் மகன் ஆசையாக வாங்கிப் போட்டது. தங்கமாரி கேட்க வேண்டியதைக் கேட்டாள். இதில் கேக், பிஸ்கட் எதுவும் செய்ததுண்டா, கடலை, முந்திரி போட்டு எதுவும் சுட்டிருக்கிறீர்களா என்று.

"நாங்க இன்னாத்த கேக்கு சுட்டோம், போ. ஒரு தபா கூட சுட்டதில்ல தங்கம். சும்மாதான் கீது, எத்துகினு போ," என்றாள் செங்கமலம்.

அவள் சொன்னதில் ஒரு எழுத்துப் பொய்யில்லை. அந்த வீட்டில் யாரும் கேக் சுட்டதில்லை. தங்கமாரி தட்டை மூன்று தடவை கழுவினாள். அடியில் கரண்ட் கம்பி இருந்ததால் பானைக்குள் தண்ணீர் ஊற்ற முடியாது. ஈரத்துணியால் துடைத்தாள். மைதா, வெண்ணெய், சீனி எல்லாம் புதுப் பாக்கெட் பிரித்தது. பாத்திரம் புதுசு. கரண்டி புதுசு. ஏழு மாதம் ஊரெல்லாம் போய் விசாரித்தவள், எதிர்வாசலில் இருந்து வந்ததை ஒரு கேள்வியோடு உள்ளே விட்டுவிட்டாள்.

கவியாவின் பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. சுடலைக்கண்ணு காலை ஷிஃப்ட் போயிருந்தான். பத்து மணிக்கு வீடு முழுக்கச் சாக்லேட் மணம். மூடியின் கண்ணாடி வழியாக அம்மாவும் மகளும் தலையோடு தலை முட்டப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆறின பிறகு கவியா ஒன்றை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். ஒரு சில்லை நாக்கால் தொட்டாள். பிறகு கடித்தாள்.

"அம்மா, இது அந்தப் பிள்ள கொடுத்தத விட நல்லாருக்கு," என்றாள், அதைத் தின்றே பார்க்காதவள். தங்கமாரிக்குக் கண் நிறைந்துவிட்டது. இன்னொன்றும் எடுத்துக்கொள் என்றாள்.

இரண்டாவது பிஸ்கட் பாதியில் இருக்கும்போது கவியா உதட்டைச் சொறிந்தாள். பிறகு கழுத்தை. ஆறு வருஷமாகக் கேட்காமலிருந்த அந்த விசில் சத்தம் தொடங்கியது. தங்கமாரி மகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிக் குரல் கொடுத்தாள். செங்கமலம் தலைமுடி அவிழ்ந்தது தெரியாமல் ரோட்டுக்கு ஓடி, போன ஷேர் ஆட்டோவை மறித்து நிறுத்தினாள்.

டாக்டர் சீட்டை எடுக்கத் தங்கமாரி மறுபடி உள்ளே வந்தாள். ஓவனின் மூடி தரையில் மல்லாந்து கிடந்தது. வெளிச்சம் அதன் உள்விளிம்பில் விழுந்தது. விளிம்பு மடிப்புக்குள் செக்கச்செவேலென்று மெல்லிசாக ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினாள். கடலைத் தோல். ஒன்றல்ல, மடிப்பு நெடுகிலும். இந்த ஊரில் அந்தப் பானையை வேறு எதற்கு வைத்திருப்பார்கள்? வயலில் வந்த கடலையைக் கொட்டி வறுக்கத்தான். செங்கமலத்துக்கு அதைச் சுடுவது என்று சொல்லத் தோன்றியிருக்காது. வறுப்பது வேறு, சுடுவது வேறு அல்லவா. தங்கமாரி தோலைச் சேலையில் துடைத்துவிட்டு ஓடினாள்.

அதே நர்ஸிங் ஹோம். ஊசி போட்டார்கள், மூக்கில் குழாய் வைத்தார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து, இனிப் பயமில்லை என்று டாக்டர் வெளியே வந்தார். சுடலைக்கண்ணு யூனிஃபார்மோடு வந்து சேர்ந்திருந்தான். செங்கமலம் கவியாவின் ஒற்றைச் செருப்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். தான் பெற்ற பிள்ளைக்கு ஆனது மாதிரி அழுதுகொண்டிருந்தாள். டாக்டர் கோபமாக இருந்தார். அத்தனை சொல்லியும் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார்.

மூன்று பேரும் தங்கமாரியைப் பார்த்தார்கள்.

"சாக்லேட் சார். வெளிநாட்டுச் சாக்லேட்."

"அப்ப இனிமே அதுவும் வேண்டாம். எந்தச் சாக்லேட்டும் வேண்டாம்," என்றார் டாக்டர். சீட்டில் எழுதியும் கொடுத்தார்.

செங்கமலத்தைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னோம் என்று தங்கமாரி பின்னால் தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டாள். அதில் பாதி நிஜம். மீதிப் பாதி அவளுக்குத் தெரியும். ஊரில் ஒருவரையும் நிம்மதியாகக் கடலை தின்ன விடாதவள், ஒரு கிளிப்புக்காக லைனையே நிறுத்துகிறவள், ஒரு மூடியைத் திருப்பிப் பார்க்கவில்லை. அதை அந்த மூன்று பேர் முன்னாலும் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? டாக்டர் திட்டியிருப்பார். புருஷன் நாலு நாள் பேசாமல் இருந்திருப்பான். அவ்வளவுதான் ஆகியிருக்கும். அதற்குப் பயந்தாள்.

வீடு வந்ததும் சுடலைக்கண்ணு முதல் வேலையாக அந்தக் கருநீலப் பையைக் கொல்லைக் குழியில் போட்டு மண்ணைத் தள்ளினான். முக்கால்வாசி மிச்சம் இருந்தது. அது மண்ணுக்குள் போவதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். ஓவனைத் துடைத்துக் கொண்டுபோய்ச் செங்கமலம் வீட்டில் வைத்தாள். அடுத்த அறுவடைக்கு அது மறுபடி கடலை வறுத்தது.

மூன்றாம் நாள் நம்பிராஜன் ஒரு பை ஆப்பிளோடு வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. கவியா தூங்குவதை நிலைப்படியில் நின்று பார்த்தார்.

"நான்தான் சரியாப் படிக்கலையோ, தங்கமாரி. நீ எழுதிக் கொடுத்தத கையில வச்சுக்கிட்டுதான் வாங்கினேன்."

"நீங்க என்ன சார் செய்வீக," என்றாள் தங்கமாரி. தப்பு உங்களுடையது இல்லை என்று சொல்லவில்லை. அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவள் லைன் பக்கம் வரும்போதெல்லாம் அவர் கண் தரையில் இருக்கும். ஒருநாள் சொல்லிவிடலாம், ஒருநாள் சொல்லிவிடலாம் என்று அவள் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். வருஷக் கடைசியில் அவர் மறைமலை நகரில் வேறு கம்பெனிக்கு மாறிப் போய்விட்டார்.

கவியா தேறிவிட்டாள். அம்மாமீது கோபப்படவில்லை, முறையிடவில்லை. கேட்பதைத்தான் நிறுத்திவிட்டாள். அடுத்த பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று அப்பா கேட்டபோது ஒன்றும் வேண்டாம்ப்பா என்று சொல்லிவிட்டு வீட்டுப்பாடத்தைத் தொடர்ந்தாள். பெரிய மனுஷி மாதிரி இருக்கிறாள், எவ்வளவு பொறுப்பு என்று எல்லோரும் மெச்சினார்கள். தங்கமாரிக்கு அந்த மெச்சலைக் கேட்கும்போதெல்லாம் உடம்பு கூசியது.

ஆறாம் வகுப்பில் பள்ளியிலிருந்து மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா கூட்டிப் போனார்கள். போகிறவர்கள் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாதவை என்ற இடத்தில் கவியா தானே, குண்டு குண்டான எழுத்தில், நிலக்கடலை, சாக்லேட் என்று எழுதி அம்மாவிடம் நீட்டினாள். தங்கமாரி பேனாவை வாங்கி அந்த இரண்டாவது வார்த்தையைப் பார்த்தபடி இருந்தாள். சுடலைக்கண்ணு தூங்கிக்கொண்டிருந்தான். வீட்டில் வேறு யாருமில்லை. சொல்வதற்கு அதைவிடத் தோதான நேரம் கிடைக்காது.

"என்னம்மா, தப்பா எழுதிட்டேனா?"

"இல்லடா. சரியாத்தான் எழுதியிருக்க," என்று தங்கமாரி கையெழுத்துப் போட்டாள்.